முதலை காத்த கோட்டை

ஒரு ஜமீன் கோட்டையைச் சுற்றிலும் ஆழமான அகழி. அதில் இருந்த முதலைக்கு, ஐந்து தலைமுறையாகப் பகைவன் எவனும் உள்ளே நுழையாதது தன்னால்தான் என்று பெருமை. அப்படி ஒருவனும் வர நினைத்ததே இல்லை என்பதை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

ஒருநாள் ஆமை பதறிக்கொண்டு நீந்தி வந்தது. "அண்ணே, வடக்கு மதில் சாயுதாம். நம்ம தண்ணி அஸ்திவாரத்துல இறங்கிடுச்சாம். அகழியைத் தூர்த்தாத்தான் கோட்டை நிக்கும்னு கொத்தனார் சொல்றார்."

தூர்த்துவிட்டால் முதலை எங்கே போகும்? "ஜமீன்தார் என்ன சொன்னார்?"

"அகழி இல்லாட்டி இதைக் கோட்டைன்னு யார் சொல்லுவா, பெரிய வீடுன்னுதானே சொல்லுவாங்கன்னு கொத்தனாரை அனுப்பிட்டார்."

"பரம்பரை ரத்தம்ப்பா," என்று முதலை நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

ஐப்பசி மழையில் வடக்கு மதில் மொத்தமாக அகழிக்குள் சரிந்தது. ஜமீன்தார் குடும்பம் தெற்கு வாசல் வழியாக ஓடியது. தண்ணீர் அடங்கிய பிறகு ஆமை மெல்லத் தலையை நீட்டியது.

"பார்த்தியா," என்றது முதலை. "உள்ளே வர்றவனை மட்டுமா பிடிப்பேன்? வெளியே தப்பி ஓடப் பார்த்த மதிலையே பிடிச்சுட்டேன்."

அதன் முதுகுக்குப் பின்னால், சரிந்து கிடந்த கற்களின் மேல் நடந்து, ஊர் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கோட்டைக்குள் போய்க்கொண்டிருந்தன.