திணை வழு

தினமும் காலை ஏழு மணிக்குச் சௌந்தரத்தின் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: "இருவரும் நலம்."

வீட்டுக் கணினியில் அவள் கணவர் இரண்டு ஹார்ட் டிஸ்குகளைப் பொருத்தி, ஒன்றில் உள்ளதெல்லாம் மற்றதிலும் பதியும்படி செய்திருந்தார். அவை பழுதின்றி இருக்கின்றனவா என்று கணினியே சோதித்து எழுதும் கடிதம் அது.

"முன்னெல்லாம் 'இரண்டும் நலம்'னு சரியா வரும். மூணு மாசமா இப்படி. டிஸ்க் அஃறிணைடா, மாத்திக்கொடு" என்றாள் மகன் ரோஹித்திடம்.

"இதுக்கா முலுண்ட்லேர்ந்து மாட்டுங்காவுக்கு ஓடிவரச் சொன்னே?"

"தப்பைப் படிச்சுண்டு என்னால காபி குடிக்க முடியாது."

முணுமுணுத்தபடியே கணினியைத் திறந்து பார்த்தவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, ரெண்டு டிஸ்கும் எப்பவோ போயிடுத்து. இந்தக் கம்ப்யூட்டர் லெட்டரே அனுப்பியிருக்க முடியாது."

மூன்று மாதங்களுக்கு முன்புதான் பன்வேல் சாலையில் கார் கவிழ்ந்து, அவள் கணவரும் மகள் தீப்தியும் ஒன்றாக இறந்திருந்தார்கள்.

சௌந்தரம் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அன்றைய மின்னஞ்சலை நிதானமாக மறுபடி படித்தாள்.

"உயர்திணைதான்டா. பிழையே இல்லை" என்றாள். "எதையும் தொடாதே."