பச்சை வயர்

“மீட்டர் முள்ளு மறுபடியும் ஆடுது. நாளைக்கும் ஆடுச்சுன்னா நீ வேலைக்கே வர வேண்டாம்” என்றார் சூப்பர்வைசர்.

மீட்டர் மெக்கானிக் ஸ்பேனரோடு நடந்தான். மண்ணுக்குள் ஓடும் குழாய் துருப்பிடிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மின்சாரம் விட்டிருக்கிறார்கள். அது மீட்டருக்குள் ஏறினால் முள் ஆடும் என்று நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் பிரித்தது அவன்தான். போய்ப் பார்த்தால், குழாயையும் மீட்டரையும் இணைத்து மறுபடியும் ஒரு பச்சை எர்த் வயர்! அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சூப்பர்வைசரிடம் திரும்பினான்.

“எந்தப் புண்ணியவானோ பகல்ல கட்டிட்டுப் போயிடறான் சார்.”

“அதையும் நீயே கண்டுபிடி.”

நைட் ஷிஃப்ட் முடிந்தது. கம்பெனி வண்டி அவனை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றது. அதே வண்டியில் பகல் ஷிஃப்டுக்குப் போக, உள்ளே மனைவி உட்கார்ந்து அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு?”

“வேலையில...”

“வீட்டுல வேலைப் பேச்சே கூடாதுன்னு சொன்னது நீங்கதான். என் தலைவலிய நான் உங்ககிட்ட சொல்றேனா?”

“இன்னைக்கு ஒரு நாள் சொல்லேன். துணைக்கு ஆள் இருக்குன்னு மனசு ஆறும்.”

அவள் பெருமூச்சு விட்டாள். “எலக்ட்ரீஷியன் நான், எர்த் இல்லாத மீட்டரைத் தொட்டா ஷாக் அடிச்சிடுமேன்னு தினமும் வயர் கட்டிட்டு வரேன். எந்த மடையனோ ராத்திரியோட ராத்திரியா கழட்டிடறான். மெமோ எனக்கு வருது!”

வாசலில் வண்டி ஹார்ன் அடித்தது.

அவன் தன் பையைத் திறந்து, கழற்றிச் சேர்த்த பச்சை வயர்களை அள்ளி அவள் மடியில் போட்டான்.

“இந்தா, எல்லாம் உன்னோடதுதான்.”