அவனுடைய தலையணை

ஆத்திரத்தை விழுங்காதீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை இருபது முறை அடியுங்கள் என்று மனநல ஆலோசகர் சொல்லியிருந்தார். குடித்துவிட்டுக் கூடத்தில் கிடக்கும் கணவனுக்காக அவன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "அவுகளுக்குக் காய்ச்சல் சார்" என்று இந்த மாதம் நான்காம் முறையாகப் பொய் சொல்லிவிட்டு வந்த வடிவு, கதவைச் சாத்தினாள். கட்டிலில் இரண்டு தலையணைகள். அவனுடையதை அடித்தால் பஞ்சு கட்டிதட்டி அவனுக்குக் கழுத்து வலிக்குமே என்று தன்னுடையதை எடுத்து அடித்தாள். இருபதும் முடிந்தது. ஆத்திரம் இறங்கவில்லை.

"ஏட்டி, உள்ள என்ன சத்தம்?" என்றான் அவன்.

அடித்த கை தானாகத் தலையணையை நீவிவிட்டது. "ஒண்ணுமில்லங்க, தலகாணியத் தட்டிப் போடுதேன்."

"எனக்கும் ஒண்ணு கொண்டா. வெறுந்தரையில கெடக்கேன், கேக்க நாதியில்ல."

வடிவு அவனுடையதைத் தூக்கினாள். சாராய வாடை முகத்தில் அடித்தது. ஓங்கி ஒன்று வைத்தாள். ஏழுக்குமேல் எண்ண மறந்துபோனாள். தையல் பிரிந்து இலவம்பஞ்சு அறையெங்கும் பறந்தது.

"இன்னுமா கொண்டார? கழுத்து வலிக்கு, ஏட்டி!"

"வலிக்கட்டும்" என்றாள், அவனுக்குக் கேட்காத குரலில். அதற்குள் அவள் கண்கள் ஊசிநூல் டப்பாவைத் தேடத் தொடங்கியிருந்தன.