பதினொரு மதிப்பெண்

சக்கர நாற்காலியில் இருக்கும் பூங்கோதையின் நாத்தனார் தமயந்தி தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்த்து மதிப்பிடும் கருவி, ஒரு வாரமாகக் கூடத்தில் தொங்கியது. பூங்கோதையின் கணவன் கதிரேசன், குடும்பத்தலைவன் என்ற மிடுக்கில், யாரை மதிப்பிட வேண்டும் என்று கேட்ட படிவத்தின் முதல் வரியில் தன் பெயரையும் எழுதியிருந்தான்.

இன்று காலை கருவி வாய் திறந்தது.

"தமயந்தி: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. உதவி தேவையில்லை. கதிரேசன்: பதினொன்று. துண்டு எடுக்க, சோறு போட்டுக்கொள்ள, தட்டு கழுவ, எல்லாவற்றுக்கும் ஆள் தேவை."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்!" என்று அவன் குதித்தான். தமயந்திக்குச் சிரிப்பில் புரையேறியது.

அவனுக்குக் காபி கொண்டுவந்த பூங்கோதை, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு கருவியிடம் கேட்டாள்: "இது குணமாகுமாங்க?"

"ஆகும். நீங்கள் உதவுவதை நிறுத்தினால் போதும்."

பூங்கோதை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காபியைத் தானே குடித்தாள்.