கடிகாரம் காட்டிய வெள்ளிக்கிழமை

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரே கணினிக்குள் மூன்று கணினிகள் ஓடும்: புது விண்டோஸ், பழைய விண்டோஸ், லினக்ஸ். மென்பொருளை மூன்றிலும் சோதிப்பது என் வேலை. காலை எட்டு மணிக்கு மூன்றையும் இருக்கிற நிலையில் சேமித்துவைப்போம். மாலையில் அந்த நிலைக்குத் திருப்பினால் பகலில் செய்ததெல்லாம் அழிந்துவிடும், உள்ளிருக்கும் கடிகாரமும் எட்டு மணிக்கே போய்விடும்.

வியாழக்கிழமை மாலை லினக்ஸைத் திருப்பினேன். கடிகாரம் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து என்றது. திரையில் ஒரு கடிதம் திறந்திருந்தது. பக்கத்து இருக்கை ஜெர்வின் மேலாளருக்கு எழுதியது.

"அனலின் அக்காவைப் பற்றி நான் சொன்னதை நம்பி, அவர் இடத்தை எனக்கே தந்ததற்கு நன்றி சார். நாற்காலி எனக்கு உயரம். இறக்கிக்கொண்டேன்."

அனலின் நான்தான். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நானே. நிமிர்ந்தால் குள்ள உருவமாக அவனே நின்றான், கையில் வாழையிலையில் சுட்ட அரிசி கேக்.

"அக்கா, சூடா பிபிங்கா. பெரிய துண்டு உனக்குத்தான்."

"மேனேஜர்கிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னியாடா?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? உன்னால சோறு திங்கிறவன் உனக்கே குழி பறிப்பேனா?"

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். நான் பிபிங்காவைத் தின்றேன். லினக்ஸை மறுபடி திருப்பினேன். கடிதத்தைக் காணோம். வியாழன், காலை எட்டு.

கை கழுவிவிட்டு வந்தேன். ஜெர்வின் தன் இடத்தில் தலைநிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேசை என் மார்பு உயரத்துக்கு வந்தது.