தவசிக்குக் கட்டிய சோறு

இருளப்பனுக்குப் பசி குடலைப் பிடுங்கியது. காலையிலிருந்து ஒத்திகை. போரில் தன் கண்முன்னே செத்த தவசியின் கதையைத்தான் பழைய பட்டாளத்தானான இருளப்பன் நாடகமாக்கியிருந்தான். தன் வேஷத்தைத் தானே கட்டினான். தவசியாக நடித்தவன் துப்பாக்கியைத் தொட்டறியாத பட்டணத்து நடிகன். ஆனால் தவசியின் அம்மா காத்தாயி தினமும் சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தது அவனுக்குத்தான்.

“இன்னொரு வாய் வாங்கிக்கய்யா. குண்டு பட்டு விழுறப்ப எம்புள்ள மாதிரியே இருக்க,” என்று பிசைந்து ஊட்டினாள்.

“செத்தாத்தான் சோறு போலண்ணே,” என்று நடிகன் சிரித்தான். இருளப்பனுக்குப் பசியோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

“எனக்கு ஒரு உருண்ட கெடையாதா ஆத்தா?”

“ஒனக்கில்லாததா? எம்புள்ளைக்குக் கடைசித் தண்ணி குடுத்த கையில்ல அது! நீட்டுய்யா.”

உருண்டை காத்திருந்தது. கை எழவில்லை. தண்ணீர் கொடுக்கும் காட்சி அவனாக எழுதிச் சேர்த்தது. உண்மையில், போர் நடந்த மலையில் தவசி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்க, குப்பியில் மிச்சமிருந்ததை இவன்தான் குடித்தான். தவசிக்கு அவன் இன்னும் தரவேண்டியிருப்பது ஒரு மடக்குத் தண்ணீர்.