கட்டாங்கா காசு

"என் காசு இல்லாம இந்த கேட்லாக் வெளிய வராது. வந்துச்சுன்னா அங்கேயே கிழிச்சுப் போடுவேன்."

ஆத்மநாதன் மேஜையில் ஓங்கித் தட்டியதில் டீ கிளாஸ் கவிழ்ந்து பீட்டரின் வேட்டியெல்லாம் டீ.

புதுக்கோட்டையில் ஒரு மெஸ் மாடியில் நாணயம் சேகரிப்போர் சங்கக் கூட்டம். கண்காட்சி வருகிறது. அதற்காக உறுப்பினர்களின் அரிய காசுகளின் விவரம் எழுதி, படத்தோடு கேட்லாக் போடுவதாக ஏற்பாடு. எழுதுகிற பொறுப்பு செயலாளர் பீட்டருக்கு. அவர் எல்லோருடைய காசையும் சேர்த்துவிட்டு, ஆத்மநாதனுடையதை மட்டும் விட்டுவிட்டார்.

ஆத்மநாதனுக்கு அறந்தாங்கியில் ஹார்டுவேர் கடை. மஸ்கட்டில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது. மற்றவர்களைப் போல ராஜா காலத்துக் காசு, கம்பெனிக் காசு எதுவும் சேர்க்கமாட்டார். தனி நாடு என்று அறிவித்து, கொடி ஏற்றி, யாரும் ஒத்துக்கொள்ளாமல் சீக்கிரமே அழிந்துபோன நாடுகளின் காசுகள்தான் அவருக்கு வேண்டும். அதிலும், புழக்கத்துக்கு விடும் முன் இப்படி இருக்கலாமா என்று அடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரிக் காசுகள்.

பீட்டர் வேட்டியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகத்தான் விளக்கினார். அதையெல்லாம் நாடு என்று எந்த அரசாங்கமும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தக் காசைக் கொடுத்து அந்த ஊரிலேயே ஒருத்தர் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியிருக்கமாட்டார். சங்கத்தின் பெயரில் அதை நாட்டு நாணயம் என்று போட்டால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள்.

"நாடே இல்லையாம், அதுக்கு ஒரு காசு" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆத்மநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காசை எடுத்துப் பீட்டரின் முகத்துக்கு நேரே பிடித்தார். காசில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கட்டாங்கா. ஆப்பிரிக்காவுல இருக்கு. மூணு வருசம்கூட நிக்கல. ஆனா அந்தச் சனம் இது எங்க நாடுன்னு சொல்லிச்சு. கொடி எப்படி இருக்கணும், காசுல என்ன படம் போடணும்னு அவங்களே ஒக்காந்து பேசி முடிவு பண்ணாங்க. வாழப்போறது அவங்க. அதை ஒத்துக்கிறதுக்கும் மாட்டேங்கிறதுக்கும் மத்தவன் யாருங்க? ஒங்க கையெழுத்து இல்லேன்னா அவங்க வாழ்ந்தது பொய்யாயிருமா?"

சிரித்தவர்கள் குனிந்துகொண்டார்கள். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார் ஆத்மநாதன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீட்டரே பஸ் ஏறி அறந்தாங்கிக்கு வந்தார். பையில் சின்ன எலக்ட்ரானிக் தராசும், விட்டம் அளக்கிற கருவியும் இருந்தன. யோசித்துப் பார்த்ததில் தான் செய்தது தப்பு என்று பட்டதாகவும், ஆத்மநாதனின் காசுகளுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கப்போவதாகவும் சொன்னார்.

அப்போதும் ஆத்மநாதனுக்குக் கோபம் தணியவில்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டியதுதானே என்று முணுமுணுத்தபடிதான் காசுப்பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார்.

பீட்டர் ஒவ்வொரு காசாக எடை போட்டார், அளந்தார், எழுதினார். எழுதியதை எட்டிப் பார்த்த ஆத்மநாதன் வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

'நாடு என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள்' என்று எழுதியிருந்தார் பீட்டர்.

"அதென்ன, சொல்லிக்கொண்டவர்கள்? அடிங்க அதை. நாடுன்னு எழுதுங்க."

பீட்டர் பேனாவைத் திரும்ப வாங்கி அதை அடித்துவிட்டு 'நாடு' என்று எழுதினார். இப்போது அவருக்கு அந்தக் கோபத்தின் மேல் ஒரு மரியாதையே வந்திருந்தது. எங்கோ உலகத்தின் ஒரு மூலையில் தோற்றுப்போன சனத்துக்காக, அவர்களை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு மனிதர் இப்படிக் கொதிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் கேட் சத்தம் கேட்டது.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் கேட்டுக்கு வெளியே நின்றாள். ரோட்டுக்கு அங்கிட்டு பைக்கில் சாய்ந்தபடி ஓர் இளைஞன். அவன் பக்கத்தில் வரவில்லை.

ஆத்மநாதனின் மனைவி செல்வராணி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தார். வந்தவர் நிலைப்படியைத் தாண்டாமல் நின்று கணவரைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் அந்தப் பெண், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "எங்ககூடப் பேச வேணாம்ப்பா. புள்ளைய மட்டும் ஒரு தடவ பாருங்க."

ஆத்மநாதன் எழுந்தார். நிலைப்படியில் நின்ற மனைவியை உள்ளே வரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டார். வெளியே குழந்தை அழ ஆரம்பித்தது.

பீட்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். "ஒங்க மகளாங்க?"

"மகளா? ரெண்டு பேரு அவங்களா முடிவு பண்ணி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போயி கையெழுத்துப் போட்டுக்கிட்டா அது கல்யாணமாயிருமா? நான் ஒத்துக்கல. எங்க சொந்தத்துல ஒருத்தர் ஒத்துக்கல. எனக்கு மகளும் கெடையாது, பேரனும் கெடையாது."

வந்து உட்கார்ந்து, பெட்டியிலிருந்து இன்னொரு காசை எடுத்துப் பீட்டரின் பக்கம் நகர்த்தினார் ஆத்மநாதன்.

"நீங்க அடுத்த நாட்டை எழுதுங்க."